எங்கையிருந்து வாறாய், எங்கை போறாய்?

ஒரு சுரத்துக்கு ஒரு விரல் என்று நம்புகிற பையன் இன்னும் மனதால் ஒத்துதான் ஊதிக்கொண்டிருக்கிறான். நாயனத்தோடு சேர்ந்து ஊதும் ஒத்துக்கு விரல் வேலை கிடையாது. ஆதார சுருதி ஒன்றுதான். கன்னத்தில் காற்றை அடைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்து, அறுபடாமல் நிறுத்தினால் போதும். இன்று பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில்களில் அந்த வேலையைச் சுருதிப்பெட்டி பார்த்துக்கொள்கிறது. அதனால் என்னிடம் வரும் பிள்ளைகள் ஒத்து ஊதாமலே நேரே ஏழு துளைக்கு வந்துவிடுகிறார்கள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மாஸ்டர், மத்யமத்துக்கு எந்த வெரல்?"

சொல்லாமல் விட முடியாது, சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆனால் சொன்ன பதிலை ஆறு மாதத்தில் நானே கலைக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

எனக்குச் சொல்லித்தந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டம் பசறைப் பக்கம். அப்பா தப்பு அடிப்பார். காமன் கூத்துக்கும், திருவிழாவுக்கும், சாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பனி நேரத்தில் தோல் தொய்ந்துபோகும் என்று சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார். எனக்குத் தெரிந்த முதல் சுருதி சேர்க்கை அதுதான். நாயனம் மட்டும் எங்கள் கைக்கு எட்டாத வாத்தியம். ஆண்டுத் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மேளச் செட் வரும். அவர்களுக்குக் கோயிலடியில் பாய் விரித்து, தனியாகச் சமைத்துப் போட்டு, மரியாதையாக அனுப்பிவைப்பார்கள். 1990-இல் போரால் வடக்குக்குப் போகும் ஏ9 பாதை மூடிக்கொண்ட பிறகு அந்த வரவும் நின்றது. தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாயனக் கசெட்டைப் போட்டுச் சாமி தூக்கினார்கள். கசெட் இழுபடும் இடத்தில் ராகமும் இழுபடும். சாமி தூக்குகிறவர்கள் கால் தடுமாறும். அந்த நாட்களில்தான் வடக்கே திரும்பிப் போக வழியில்லாமல் பதுளை டவுனிலேயே தங்கிவிட்ட ஒரு மேளக்காரர், கடை மாடியில் நாலைந்து பையன்களை உட்காரவைத்துச் சொல்லித்தரத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் நான் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் வேலையோடு, மலையை விட்டு இறங்கி பஸ் ஏறுவேன். தப்புக்காரன் மகன் நாயனம் பிடிப்பதா என்று எங்கள் பக்கத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது. மாஸ்டருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "மூச்சு இருக்குதோ எண்டு மட்டும் பாப்பம்" என்றார்.

நாயனம் என்கிற நாதஸ்வரத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் வாசிக்கும் பாரி நாயனம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆச்சா மரத்தில் கடைந்த உலவு மேலே ஒடுங்கி கீழே விரியும். அடியில் அணசு, தலையில் உலோகக் கெண்டை, கெண்டையில் செருகிய சீவாளி. விரலுக்கு ஏழு துளை. அவற்றுக்குக் கீழே விரல் போகாத துளைகளும் உண்டு, பிரம்மசுரம் என்பார்கள். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வது. மேல்நாட்டு ஓபோவில் இருப்பதைப் போல இதில் சாவி கிடையாது. பன்னிரண்டு சுரத்தானமும், அவற்றுக்கு நடுவில் நெளிகிற கமகமும், இந்த ஏழு துளையிலும் உதட்டிலும் மூச்சிலும்தான் பிறக்க வேண்டும். ஏழு துளைக்கு இத்தனை சுரம் என்றால், ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று வழி இருந்தே தீரும். அந்த வழிகளுக்குள் எதை எப்போது எடுப்பது என்பதுதான் படிப்பு.

சுத்த மத்யமத்தையே எடுத்துக்கொள்வோம். பையன்கள் அதிகம் திணறுவது அதில்தான். துளையைப் பாதி மூடி எடுக்கலாம். விரலைத் தூக்காமல், சதையைப் பக்கவாட்டில் உருட்டி, துளையின் ஓரம் மட்டும் தெரியும்படி வைப்பது. சுரம் உறுதியாக நிற்கும், ஆனால் விரல் அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு கணம் பிடிக்கும். இன்னொரு வழி, துளையை முழுக்கத் திறந்துவிட்டு, உதட்டைத் தளர்த்தி, காற்றைக் குறைத்து, ஏறி நிற்கிற சுரத்தைக் கீழே இறக்குவது. பெரிய வித்வான்களின் குழைவு இதில்தான் இருக்கிறது. ஆனால் மூச்சு கொஞ்சம் தடுமாறினாலும் சுரம் பிரதி மத்யமத்தின் பக்கம் ஓடிவிடும். மூன்றாவதாக, மேல் துளை திறந்திருக்க, ஒரு விரல் இடைவெளி விட்டு அதற்குக் கீழே ஒன்றிரண்டை மூடுவது. காற்று நேரே வெளியே போகாமல் உள்ளே கொஞ்சம் சுற்றிப்போகும்; சுரம் தாழும். விரல்கள் முழுசாக விழுந்து முழுசாக எழுவதால் இது வேகமானது. நாதம்தான் கொஞ்சம் மங்கும், மூக்கடைத்த குரல் மாதிரி.

மாஸ்டர் இந்த மூன்றையும் ஒரே நாளில் சொல்லித்தரவில்லை. முதலாவதை மட்டும் தந்துவிட்டு, பல மாதம் அதிலேயே ஓட்டினார். மாயாமாளவகௌளை வரிசைகளை முதல் காலத்தில் ஊதும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. மூன்றாம் காலத்தில் விரல் சிக்கியது. கீழே குனிந்து என் விரல்களைப் பார்த்தேன். அவர் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்தாமலே சொன்னார்:

"உதென்ன விரலைப் பாக்கிறாய்? சுரத்தைக் கேள். எங்கையிருந்து வாறாய், எங்கை போறாய்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடங்களில் பதுளை பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஆட்கள் யாருமே இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. சோதனைக்கு நிற்பவர்கள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் கேட்பது இதே இரண்டு கேள்வி. "கொஹெந்த என்னே, கொஹெத யன்னே?" மாஸ்டருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாளம் நின்றது. பிறகு அவரும் சிரித்தார்.

ஆனால் கேள்வி சரியானது. மத்யமத்துக்கு எந்த விரல் என்பது மத்யமத்தில் இல்லை. அதற்கு முன்னால் என்ன சுரம், பின்னால் என்ன சுரம் என்பதில் இருக்கிறது. காந்தாரத்திலிருந்து மெதுவாக ஏறி வந்தால் பாதித் துளை தானாகவே அமையும், விரல் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. பஞ்சமத்திலிருந்து சறுக்கி இறங்கினால் உதடு. ஒரு நொடிக்குள் நாலைந்து சுரம் ஓடுகிற பிருகா என்றால் மூன்றாவது வழியைத் தவிர வேறு நாதியில்லை. அந்த வேகத்தில் மங்கலான நாதத்தை யாரும் தனியாகக் கேட்கப்போவதில்லை. தோடியில் காந்தாரத்தையே மத்யமத்தின் விளிம்பு வரை ஆட்டுகிறோம். ஆடுகிற அந்த விரலே மத்யமத்தையும் தொட்டுவிட்டு வருகிறது. அங்கே தனி விரல் தேடுகிறவன் தோடியை வாசிக்கவில்லை, சுரத்தை எண்ணுகிறான்.

இதை எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. சுரத்தை எழுதலாம்; விரலை எழுதினால் பக்கம் போதாது.

மாடியில் படித்தது அவ்வளவுதான். மிச்சத்தைத் தோட்டத்து ரோடு சொல்லித்தந்தது. எங்கள் ஊர்ச் சாமி ஊர்வலம் சமதளத்தில் போவதில்லை. கோயிலிலிருந்து கிளம்பி, தேயிலை ஸ்டோரைச் சுற்றி, கீழ் லயத்து வீடுகளுக்கு இறங்கி, மேல் லயத்துக்கு ஏறி, துரை பங்களா வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும். டிரெக்டர் பெட்டியில் சோடித்த சாமி, முன்னால் காவடி, அதற்கும் முன்னால் தப்பு. எங்களுக்கு நடுவில் இடம். சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது, தவிலோடு கோர்த்துக்கொண்டு போகிற சுரக் கட்டு மட்டும்தான். அதில் வருவதும் சுத்த மத்யமம். காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும்.

மேட்டில் ஏறும்போது மூச்சு நம் சொல்லைக் கேட்காது. ஒவ்வொரு எட்டுக்கும் வயிறு ஒருமுறை குலுங்கும், சீவாளியில் காற்றும் அதோடு குலுங்கும். உதட்டால் இறக்கிப் பிடிக்கிற மத்யமம் அந்தக் குலுக்கலில் நிற்காது. அதனால் மேட்டுக்குப் பாதித் துளை என்று ஒரு கணக்கு எனக்குள் விழுந்தது. காற்று கூடினாலும் குறைந்தாலும் விரல் ஒரு வரம்பு போட்டுவிடும். மேட்டில் ஏறி, லயத்து வாசலில் ஆராத்தித் தட்டுக்காகச் சாமி நிற்கும்போது, அதே சுரத்தை உதட்டுக்கு மாற்றிக்கொள்வேன். கேட்கிறவர்களுக்கு நாயனம் திடீரென்று இளகின மாதிரி இருக்கும். "இப்பதான்டா சாமிக்கு ஊதுறான்" என்று ஒரு கிழவி சொன்னார். மூச்சு வாங்கினது சரியானது என்பதைத் தவிர அதில் வேறு பக்தி கிடையாது.

சபாவில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது. தஞ்சாவூர்ப் பக்கத்து வீதிகளும் சமதளம். மலைநாட்டில் நாயனம் கற்கிற பிள்ளைக்குச் சரிவைச் சேர்த்துத்தான் விரல் சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. மாடியில் நன்றாக வாசித்த பையனை வெளியே கூட்டிப்போய், படியில் ஏறிக்கொண்டே ஊதச் சொல்லுவேன். எந்த மத்யமம் தாங்குகிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

விரலை மாற்றவைக்கிற இன்னொரு சக்தி காலநிலை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி வறண்ட காற்று எங்கள் ஊவாப் பக்கம் இறங்கும். கொழுந்துக்கு அது யோகம். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித்தந்த வாசனை அந்த மாதங்களில்தான் ஏறுகிறது. சீவாளிக்கு அது எமன். நாணல் தட்டையில் செய்த சீவாளி ஈரத்தில்தான் பேசும். வாயில் ஊறவைத்து, எச்சில் காயாமல் பார்த்துக்கொண்டு ஊத வேண்டும். இந்தக் காற்றில் இரண்டு உருப்படிக்கு நடுவே பேசி முடிப்பதற்குள் காய்ந்து, இதழ் விறைத்து, சுரமெல்லாம் ஒரு நூல் ஏறி நிற்கும். கெண்டையோடு கட்டித் தொங்குகிற மாற்றுச் சீவாளிகள் அதற்குத்தான். திருவாவடுதுறையில் செய்கிற சீவாளிக்கு மேளக்காரர்களிடம் தனி மதிப்பு. காவிரிக் கரை ஈரத்துக்குச் செய்தது ஹப்புத்தளைக் காற்றில் என்ன பாடுபடும் என்பதை அதைச் செய்தவர்கள் பார்க்க வேண்டும்.

குளிர் நேர் எதிர். ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ராத்திரி ஊர்வலம் என்றால், குழலுக்குள் காற்று குளிர்ந்து சுருதி இறங்கும். காற்றில் ஒலியின் வேகம் குளிரக் குளிரக் குறையும். பத்துப் பாகை செல்சியஸ் குறைந்தால் குழலின் சுருதி ஏறக்குறைய அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஊதுகிறவன் வாய்ச்சூடு மேல் பாதியைக் காப்பாற்றும், அணசுப் பக்கம் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே எல்லாச் சுரமும் ஒரே அளவில் இறங்காது, அதுதான் சங்கடம். சுருதிப்பெட்டியோ இறங்குவதில்லை, அதற்குக் குளிரும் கிடையாது. சீவாளியை உள்ளே தள்ளி மொத்தத்தை ஏற்றலாம். தனித்தனிச் சுரத்துக்கு விரல்தான் வைத்தியம். கீழே ஒரு துளை மூடி எடுக்கிற சுரத்தை அன்றைக்கு அந்தத் துளையைத் திறந்து எடுப்பேன். பாதி மூடுவதை முக்கால் திறப்பேன். பழகிய விரல் ஒன்று, அன்றைக்குச் சரியான விரல் வேறு. நடுக்குகிற கையோடு அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதியங்கனை விகாரையின் பெரஹரா நாட்களில் நான் டவுனில் இருந்தால் கட்டாயம் போவேன், ஹொரனேவைக் கேட்பதற்காக. தவுலும் தம்மெட்டமும் அதிர, அவற்றுக்கு மேலே கீச்சென்று எழும்புகிற அந்தச் சின்னக் குழல் எங்கள் நாயனத்துக்குச் சொந்தம்தான். அதற்கும் இரட்டை இதழ். நாணலுக்குப் பதிலாகத் தாலிப்பனை ஓலை. ஒரு வருடம் வாசித்து முடித்து ஓரமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கலைஞர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என் நாயனத்தைப் பற்றிச் சொன்னதும் என் கையை வாங்கி விரல்களைத் திருப்பிப் பார்த்தார். துளையை மூடுகிற இடத்தில் காய்த்திருந்த சதையைத் தடவி, "மல்லி, நீங்க மெல்ல இறக்குறீங்க, நாங்க தட்டி இறக்குறோம்" என்றார் சிங்களத்தில். எந்தத் துளை என்று நான் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, ஒரு சுரத்தை இரண்டு விதமாக எடுத்துக் காட்டினார்: ஒன்று நேராக, இன்னொன்று கீழ் விரலை மின்னலாகத் தட்டி எடுத்து. இரண்டாவதில் சுரம் உடைந்து உடனே கூடியது. நான் அதைத் திருடிக்கொண்டு வந்தேன். நையாண்டி வாசிக்கும்போது இன்றும் எடுக்கிறேன். எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

ஓபோவை நான் பார்த்தது அதற்குப் பிறகு, கொழும்பில். மேல்நாட்டு இசைக்குழுவில் வாசிக்கிற ஒருவர் தன் கருவியை என் முன்னால் பிரித்துப் போட்டார். நாணல் இதழ் இரண்டு சேர்த்துக் கட்டியது, அடியில் விரிகிற குழல். அடையாளம் தெரியாமல் இருக்குமா? மேலேதான் வெள்ளிச் சாவிகள் எறும்புப் புற்று மாதிரி மொய்த்துக் கிடந்தன. இத்தனை சாவி இருந்தால் சுரத்துக்கு ஒரு சாவி போதுமே, மாற்று விரல் எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு எஃப் என்கிற ஒரு சுரத்தை மட்டும் காட்டினார். அதற்கே மூன்று வழி. வழக்கமான வழியில் வலக்கை மோதிர விரல் ஒரு சாவியை அழுத்த வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய சுரம் டி என்றால் அதே மோதிர விரல் ஒரு துளையின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு விரல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அங்கிருந்து சாவிக்குச் சறுக்கினால் நடுவில் ஒரு அழுக்குச் சத்தம் விழும். அதனால் மோதிர விரலை அங்கேயே விட்டுவிட்டு, நடுவிரலைத் தூக்குவது இரண்டாவது வழி. எங்கள் மூன்றாவது வழியின் அதே சூத்திரம்: திறந்த துளைக்குக் கீழே ஒன்றை மூடுவது. நாதம் மங்குகிற குறையும் அதே குறை. மங்காமல் இருக்க இடக்கைச் சுண்டுவிரலுக்கு என்று தனியாக ஒரு சாவி. அது மூன்றாவது வழி. தொடக்கக்காரர்களுக்கான மலிவு ஓபோ பலவற்றில் அந்தச் சாவியை வைப்பதில்லையாம். அதனால் பிள்ளைகள் மங்கலான வழியிலேயே ஊறிப்போய், பிறகு எல்லா இடத்திலும் அதையே எடுக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

"அப்போ என்ன சொல்லித் திருத்துவீங்க?" என்று கேட்டேன்.

"முன்னாடி என்ன நோட், பின்னாடி என்ன நோட் என்று கேட்பேன்" என்றார்.

எங்கள் வாத்தியத்திலும் இந்த விரல் சிக்கலைக் கருவியிலேயே திருத்தப் பார்த்த கதை உண்டு. பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உச்சம், ஊருக்கே கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்யமம் நேராகப் பேசாது. உதட்டையும் விரலையும் போட்டுப் பிசைந்துதான் கொண்டுவர வேண்டும். தோடியையே உயிராக வாசித்த திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான பாரி நாயனத்துக்கு மாறினார். நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி துளைகளின் இடத்தை மாற்றி மாற்றிக் கடைந்து, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் பாரியைச் செய்து கொடுத்தார். இன்று உலகம் முழுக்க நாதஸ்வரம் என்று கேட்பது பெரும்பாலும் அந்தக் குழலைத்தான். நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆசாரி துளையைச் சரிசெய்துவிட்டார் என்பதால் விரல் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. எது எளிதாகப் பேசும் என்பதுதான் மாறியது. ராஜரத்தினம் பிள்ளை அந்த மத்யமத்தைப் பிறகும் வழியெல்லாம் வளைத்துத்தானே வாசித்தார்! ஒலிப்பதிவைக் கேட்டால், அவர் அதில் நேராகப் போய் நின்ற இடங்கள் குறைவு.

இப்போது என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதைகள் திறந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துச் செட் பழையபடி வருகிறது, தமிழ்நாட்டு வித்வான்கள் கைபேசியில் வருகிறார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் மல்லாரி முடிந்ததும் சினிமாப் பாட்டுக் கேட்கிறார்கள். கரகத்துக்கு அது இல்லாமல் ஆட்டம் நடக்காது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. சினிமாப் பாட்டு போல விரலைச் சோதிக்கிற உருப்படி வேறில்லை. ஒரே பாட்டில் இரண்டு மத்யமமும் இரண்டு நிஷாதமும் அடுத்தடுத்து வரும், ராகம் வகுத்துத் தந்த பாதை எதுவும் இருக்காது.

லுணுகலைப் பக்கத்திலிருந்து வருகிற பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு, போன மாதம் அப்படி ஒரு பாட்டை வாசித்துக் காட்டினான். சின்ன நிஷாதம் வருகிற இடத்தில் அவன் கை புதிதாக ஏதோ செய்தது. நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னேன். இடக்கையில் ஒரு விரல், வலக்கையில் ஒரு விரல், நடுவில் எல்லாம் திறந்து. நான் அதை எடுத்ததே இல்லை.

"இது எங்க புடிச்ச?"

"போன்ல பாத்தேன் மாஸ்டர். சாக்ஸ்ல இப்பிடித்தான் எடுப்பாங்க."

சுரம் கொஞ்சம் தாழ்ந்துதான் நின்றது. ஆனால் சீவாளியை லேசாகக் கடித்து அதை ஏற்றிவிடுகிறான், வேகத்தில் சுத்தமாகவும் விழுகிறது. முன்னால் தைவதம், பின்னால் ஷட்ஜம். அந்த இடத்துக்கு நான் வாசிக்கிறதைவிட அவன் விரல்தான் சௌகரியம். கரகத்துக்குத் தாராளமாக வாசி, தோடிக்குக் கொண்டுவராதே என்றேன். ஏன் என்று கேட்டான். தோடியின் நிஷாதம் ஆட வேண்டும். மூடிய விரல் ஒன்று அங்கே, ஒன்று இங்கே கிடந்தால் எந்த விரலை ஆட்டுவாய் என்று கேட்டேன். வாசித்துப் பார்த்தான். சுரம் ஆடவில்லை, விக்கியது. தலையாட்டி ஒத்துக்கொண்டவன், சீவாளியைத் துடைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டான்:

"அப்ப காப்பியில, மாஸ்டர்?"

அதை வாசித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. என் நாயனத்தை உறையிலிருந்து எடுத்தேன்.